கூட யாரு வந்திருக்கா?

பெரம்பலூரில் அந்த மையத்தைத் திறந்தபோது பெயரை எழுத ஒரு சுவர் போதவில்லை. ‘மாதவிடாய் நிறைவுக்கால மகளிர் உடல்நல மனநல மறுமலர்ச்சி மையம்’ என்பதில் ‘மறுமலர்ச்சி’ வரைக்கும்தான் இடம் இருந்தது. ‘மையம்’ என்பதை மட்டும் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டின் சுவரில் எழுதினார்கள். அதனால் ஆரம்பத்தில் வெளியூர்ப் பெண்கள் நேராக சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் வரிசையில் நின்றார்கள். அங்கேயும் டோக்கன் கொடுத்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து இந்த ஒரு மையம்தான். அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திறந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு பலகை கண்ணில் படும். ‘நோயாளியின் நிலையைத் துணைக்கு வந்தவர் மட்டுமே கூற வேண்டும். நோயாளி குறுக்கே பேசினால் முறை ரத்து செய்யப்படும்.’ இந்த விதியைச் செய்த குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இந்த வயதுப் பெண்களைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டார்கள் என்று அவரவர் வீட்டில் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார்கள். கூட்டக் குறிப்பில் அதற்குக் ‘கள ஆய்வு’ என்று பெயர் கொடுத்தார்கள்.

அமிர்தவல்லிக்கு இதெல்லாம் தெரியாது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரிகள் நிற்கும் ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருப்பவள் அவள். நாற்பத்தேழு வயது. கைக்கும் ஓய்வில்லை, வாய்க்கும் ஓய்வில்லை. இரண்டு இட்லி கேட்ட டிரைவருக்கு நாலு வைத்து, “இந்த உடம்ப வச்சுக்கிட்டு ரெண்டு தின்னா ஸ்டியரிங்க எப்புடிய்யா திருப்புவ?” என்பாள். அந்தப் பேச்சுக்காகவே வழியில் எங்கேயும் சாப்பிடாமல் பசியோடு வந்து சேர்கிற டிரைவர்கள் இருந்தார்கள்.

கொஞ்ச காலமாக அந்த அமிர்தவல்லியைக் காணவில்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்குச் சூடு ஏறும். ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். அடுப்பு வேலை, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அடுப்பை அணைத்த பிறகும் வந்தது. தூக்கம் போயிற்று. சட்னி கெட்டியாக இருக்கிறது என்று ஒரு கிளீனர் சொன்னதற்குக் கரண்டியை வீசி எறிந்துவிட்டு, மாவு அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு அந்த அழுகையும் வராமல் போயிற்று. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பேரக் குழந்தை வந்து மடியில் ஏறினாலும் யார் வீட்டுக் குழந்தையோ போல இருந்தது.

ஒரு நாள் காலையில், சுண்ணாம்புக் கல் வெட்டிவிட்டு அப்படியே விட்டுப்போன பழைய குழியின் ஓரத்தில், கீழே தேங்கிக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்தபடி தான் நிற்பதைக் கண்டாள். எப்படி வந்தோம் என்று தெரியவில்லை. எதற்கு வந்தோம் என்று மட்டும் தெரிந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குத் திரும்பினாள். சாக அவளுக்கு இஷ்டமில்லை. பழைய அமிர்தவல்லி எங்கேயோ இருக்கிறாள், அவளைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது.

“என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள். குழியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

செல்லதுரை சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். நல்ல மனிதர். கேள்வி கேட்காமல் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினார்.

“கூட யாரு வந்திருக்கா?” என்றாள் மையத்தின் வாசலில் நின்ற நர்ஸ் சிவரஞ்சனி.

செல்லதுரை முன்னால் வந்தார். அவருக்கு மெத்தை வைத்த நாற்காலி கிடைத்தது. அமிர்தவல்லிக்கு மூலையில் ஒரு ஸ்டூல். டாக்டர் முத்தமிழ்செல்வன் செல்லதுரையைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

“சொல்லுங்க. தூக்கம் எப்படி?”

“படுத்தா இடி விழுந்தாலும் தெரியாதுங்க சார்.”

டாக்டர் ‘தூக்கம் நன்று’ என்று எழுதினார்.

“சார், அது அவருக்குங்க…” என்று ஆரம்பித்தாள் அமிர்தவல்லி. டாக்டர் தலை நிமிராமல் பேனாவால் பலகையைக் காட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“பசி?”

“மூட்டை தூக்குறவனுக்குப் பசிக்காம இருக்குமா சார்?”

‘பசி மிக நன்று.’

“மனசுல ஏதாவது வருத்தம்?”

செல்லதுரை யோசித்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. “லோடிங்ல ஆளக் கொறைக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க சார். அத நெனைச்சாதான் ஒரு மாதிரி இருக்கு.”

டாக்டர் அனுதாபத்தோடு அதையும் எழுதிக்கொண்டார். “சரி. மாதவிடாய் நின்னுருச்சா?”

செல்லதுரை தலையைச் சொறிந்தார். “அத அவகிட்டதாங்க சார் கேக்கணும்.”

“கேட்டுச் சொல்லுங்க.”

அவளுக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது. செல்லதுரை திரும்பி, “அது நின்னுருச்சான்னு கேக்குறாரு,” என்றார். அவள், “நிக்கல. வந்தா வருது, இல்லாட்டி மாசக் கணக்குல காணாம போவுது,” என்றாள். செல்லதுரை இந்தப் பக்கம் திரும்பி, “வந்தா வருதாம் சார். இல்லாட்டி காணாம போவுதாம்,” என்றார்.

“அப்ப இது நிறைவு கிடையாது,” என்றார் டாக்டர் ஏமாற்றத்தோடு. “நிறைவுன்னா முழுசா ஒரு வருஷம் வராம இருக்கணும். அதுக்கு முன்னாடி எது வந்தாலும் மகப்பேறு பிரிவுதான் பார்க்கணும். நின்னதும் வாங்க.”

அரசு ஆஸ்பத்திரியின் மகப்பேறு பிரிவில், “எத்தனாவது மாசம்?” என்று கேட்டார்கள். அதெல்லாம் இல்லை என்றதும் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். மனநலப் பிரிவில், கர்ப்பப்பையிலிருந்து வரும் துக்கத்தைத் தாங்கள் பார்ப்பதில்லை என்றும், அதற்கென்றே புதிதாக ஒரு மையம் திறந்திருக்கிறது என்றும் பெருமையோடு வழி காட்டினார்கள். திரும்பி வந்தபோது மையம் பூட்டியிருந்தது. மையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே செல்லதுரைக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

“எனக்குப் பிரஷர் இருக்கறதே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நல்லவேளை வந்தோம்,” என்றார் அவர் பஸ்ஸில். அமிர்தவல்லி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். லாரிகள் வரிசையாகப் போயின. அவளுக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று வந்ததே என்று அந்தக் கோபத்தை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தனியாகப் போனாள்.

“கூட யாரு வந்திருக்கா?”

“எனக்குக் கூட நாந்தான் வந்திருக்கேன்.”

சிவரஞ்சனி கையிலிருந்த கோப்பால் விசிறிக்கொண்டே யோசித்தாள். அவளுக்கும் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. “அப்ப பேஷண்ட் வரலையாக்கா? பேஷண்ட் இல்லாம துணைக்கு வந்தவங்கள மட்டும் உள்ள விட முடியாதே.”

“நாந்தாம்மா பேஷண்ட்டு.”

“அப்ப துணைக்கு ஆள் வரல. போயிட்டு அடுத்த வாரம் வாங்க.”

அடுத்த வாரம் வைத்தியமே இல்லை. விழிப்புணர்வு விழா. சித்திரை வெயிலில் தகரப் பந்தல் போட்டு, உள்ளே நெருக்கமாக நாற்காலி போட்டுப் பெண்களை உட்காரவைத்தார்கள். இரண்டு பெரிய ஃபேன்கள் இருந்தன. இரண்டும் மேடையைப் பார்த்துச் சுற்றின. திட்டத்தின் தலைவர் சிங்காரவேலு பறக்கும் தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசினார்.

“தாய்மார்களே! ஹார்மோன் என்பது நேற்று வந்த சொல். நம் பாட்டிமார்களுக்கு ஹார்மோனே கிடையாது! ஹார்மோன் மருந்து கொடு, கொடு என்று இன்றைக்குச் சிலர் கேட்கிறார்கள். மருந்தா முக்கியம்? பொறுமையல்லவா முக்கியம்! என்னைப் பெற்ற தாய்க்கும் இந்த வயது வந்தது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார். காற்று வாங்குகிறார் என்று நாங்கள் விட்டுவிடுவோம். ராத்திரி முழுக்க முற்றத்தில் நடப்பார். வீட்டுக்குக் காவலாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குவோம். ஒரு நாள் பேச்சையே நிறுத்திவிட்டார். சாகும்வரை பேசவில்லை. என்ன ஒரு பொறுமை! அந்தப் பொறுமையை உங்கள் ஒவ்வொருவருக்கும் வழங்கத்தான் இந்த மையம்!”

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அமிர்தவல்லிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், “பாவி மவனே, ஒங்கம்மாவ ஒரு நாள் என்னான்னு கேட்டிருக்கக் கூடாதா,” என்று முணுமுணுத்தாள். 

பிறகு உதவி வழங்கினார்கள். உடம்பில் ஏற்படும் வெப்ப மாறுபாட்டைச் சமாளிக்க ஆளுக்கொரு கம்பளிப் போர்வை. கையில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று பொன்னாடை மாதிரி தோளில் போர்த்திப் போட்டோ எடுத்தார்கள். அமிர்தவல்லியின் தோளில் கம்பளி விழுந்த நேரத்தில்தான் அவளுக்குச் சூடு ஏறியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, மூச்சுத் திணற அவள் நின்ற படம் மையத்தின் சுவரில் மாட்டப்பட்டது. கீழே ‘பயனாளியின் ஆனந்தக் கண்ணீர்’ என்று எழுதியிருந்தார்கள்.

விழா முடிந்ததும் அவளும் பக்கத்து நாற்காலிப் பெண்ணும் சைக்கிள் ஸ்டாண்டின் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் தா.பழூர் குஞ்சம்மாள். ஐம்பதைத் தாண்டியவள், நடவு வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை. மகன் மணிவண்ணன் திருப்பூரில் இருக்கிறான். அவனைத் துணைக்குக் கூட்டிவந்து இதையெல்லாம் அவன் வாயால் சொல்லவைக்க அவளுக்கு வெட்கம். ஆகவே அவளையும் வாசலோடு அனுப்பியிருந்தார்கள்.

“நாத்து முடிய கையில எடுத்துடுவேன் தங்கச்சி. அடுத்து என்னா செய்யணும்னு தெரியாது. சேத்துல அப்புடியே நிப்பேன். எல்லாரும் சிரிப்பாளுவ. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். எம்மவன் பொறந்தப்ப கால்ல ரத்தம் கட்டி, தஞ்சாவூரு ஆஸ்பத்திரில கெடந்தேன். அப்பகூட இப்புடி பயந்ததில்ல,” என்றாள் குஞ்சம்மாள்.

அமிர்தவல்லியும் சொன்னாள். சூடு, தூக்கம், கரண்டி, பேரப் பிள்ளை, எல்லாம் சொல்லி, கடைசியில் குழியையும் சொன்னாள். முதல்முறையாகச் சொன்னாள். குஞ்சம்மாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

கொஞ்ச நேரம் கழித்து அமிர்தவல்லி நிமிர்ந்தாள். “அக்கா, கூட வர்றவங்க ஆம்பளையாத்தான் இருக்கணும்னு போர்டுல போட்டிருக்கா?”

“எனக்கு எழுத்து தெரியாது. நீதான் படிச்ச புள்ள.”

“படிச்சேன். போடல.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குஞ்சம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை செல்லதுரையும் வந்திருந்தார், ஆனால் டாக்டர் அறையின் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்காரும்படி உத்தரவாகியிருந்தது.

“கூட யாரு வந்திருக்கா?”

“இவங்களுக்குக் கூட நானு,” என்றாள் அமிர்தவல்லி.

“இவளுக்குக் கூட நானு,” என்றாள் குஞ்சம்மாள்.

சிவரஞ்சனி பலகையை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தாள். பிறகு திரையை விலக்கினாள். “விதியில தப்பில்ல. போங்க.”

டாக்டருக்குத்தான் குழப்பம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நோயாளியாக இருந்தது. “வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையா?”

“அப்புடி போர்டுல போடலீங்களே சார்,” என்று குஞ்சம்மாள் மெத்தை நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தாள். “இவளப் பத்தி நான் சொல்றேன், எழுதிக்கிங்க. தூக்கம் இல்ல. ராவும் பகலும் ஒடம்பு தீயா எரியுது. வாய் ஓயாம பேசி நாலு பேரச் சிரிக்க வைக்கிறவ, இப்ப கடையில ஊமையாட்டம் நிக்கிறா. பேரப் புள்ளயத் தூக்கினா பாசம் வரலையாம். அத வெளிய சொல்லவும் அசிங்கப்படுறா. சுண்ணாம்புக் குழி ஓரத்துல போயி நின்னுட்டு வந்திருக்கா சார். எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு வருஷம் வராம இருந்தாத்தான் பாப்பேன்னு சொன்னீங்களாம். அது வரைக்கும் இவ உசுரோட இருக்கணுமில்ல?”

திரைக்கு வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. அமிர்தவல்லி தலை குனிந்திருந்தாள். தன் பாடு இன்னொருத்தியின் வாயிலிருந்து ஒன்று விடாமல் வந்ததைக் கேட்டபோது, நின்றுபோயிருந்த அழுகை அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். முதல்முறையாக அமிர்தவல்லியின் முகத்தைப் பார்த்தார். “ஏம்மா, இதெல்லாம் உண்மையா? நீங்களே சொல்லுங்க.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பலகையை நோக்கி விரலை நீட்டினாள்.

“பேஷண்ட் பேசக் கூடாதுங்க சார்,” என்று விளக்கினாள் குஞ்சம்மாள். “முறை ரத்தாயிடும்.”

“பரவாயில்ல, நான் கேக்குறேன்ல.”

“சார் கேப்பீங்க. போர்டு கேக்குமா?”

டாக்டர் முத்தமிழ்செல்வன் எழுந்து போய்ப் பலகையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினார். “இப்ப சொல்லுங்கம்மா,” என்றார். அமிர்தவல்லி சொன்னாள். அதற்கப்புறம்தான் அவர் டாக்டராக நடந்துகொண்டார். பிரஷர் பார்த்தார், மார்பில் கட்டி உண்டா என்று சோதிக்க ஏற்பாடு செய்தார், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்தார். எல்லாம் பார்த்த பிறகு அமிர்தவல்லிக்கு ஹார்மோன் மருந்து எழுதினார். குஞ்சம்மாளின் காலில் ரத்தம் கட்டிய கதையை அமிர்தவல்லி மறக்காமல் சொன்னதால், குஞ்சம்மாளுக்கு ஹார்மோன் ஆபத்து என்று வேறு மாத்திரை கொடுத்தார். மனநலப் பிரிவுக்கு அவரே போன் செய்து, இந்த இருவரையும் திருப்பி அனுப்பினால் தானே கூட வருவதாக மிரட்டினார். அவர்கள் போனதும் பலகையை மறுபடி நேராக மாட்டிவிட்டார். அவருக்கும் பென்ஷன் இருக்கிறது.

பஸ் அரியலூர் தாண்டியதும் செல்லதுரை, “குழிக்கா போன?” என்றார். அவள் தலையாட்டினாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். 

மருந்து ஒரே நாளில் மாயம் செய்துவிடவில்லை. நல்ல நாளும் வந்தது, கெட்ட நாளும் வந்தது. மனநலப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் வாரா வாரம் உட்காரவைத்துப் பேசினார். ஆடிக் காற்று அடிக்கும் ஒரு காலையில் அமிர்தவல்லி எழுந்தபோது விடிந்திருந்தது. இரவு நடுவில் விழிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்த ஒரு டிரைவரிடம், “என்னய்யா, லாரிய நீ ஓட்டுறியா, அது ஒன்ன ஓட்டுதா?” என்று கேட்டாள். அவன் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா வந்துட்டியா!” என்று கத்தினான்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை பஸ்களில் பெண்கள் ஜோடி ஜோடியாக வந்து இறங்கினார்கள். பஸ்ஸிலேயே ஒருத்தி கதையை ஒருத்தி கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள். ஒரு நாள் பணி முடிந்ததும் சிவரஞ்சனி தயங்கித் தயங்கி வந்து, “அக்கா, எனக்குக் கூட வர ஆள் இல்ல. நீங்க வரீங்களா?” என்று கேட்டாள். அமிர்தவல்லி அவளுக்கும் போனாள்.

அலுவலகத்துக்கு ஒரே ஆனந்தம். ஒவ்வொரு பெண்ணும் நோயாளியாக ஒரு முறையும் துணையாக ஒரு முறையும் கணக்கில் ஏறியதால், வந்தவர் தொகை இரட்டிப்பாகத் தெரிந்தது. துணைவர் விதியின் மகத்தான வெற்றி என்று மறுபடி விழா எடுத்தார்கள். அதே தகரப் பந்தல், அதே ஃபேன்கள், அதே திசை. சிங்காரவேலு வந்தார். போட்டோவில் ஆனந்தக் கண்ணீர் விட்ட பயனாளி என்று அமிர்தவல்லியை மேடைக்கு ஏற்றினார்கள்.

“பயனாளியின் சார்பில் அவரது கணவர் இப்போது பேசுவார்,” என்று அறிவித்தார் சிங்காரவேலு.

செல்லதுரை மைக்கை வாங்கினார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பக்கத்துலயே படுத்திருந்தும் தெரியல. அவளக் கேளுங்க,” என்று சொல்லி மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பெண்களுக்கு நடுவில் போய் நின்றார்.

அமிர்தவல்லி கீழே பார்த்தாள். முந்தானையால் விசிறிக்கொண்டு நூற்றுக்கணக்கான பெண்கள். முதல் வரிசையில் குஞ்சம்மாள். அமிர்தவல்லி நேராக மேடை ஓரத்துக்குப் போய், முதல் ஃபேனின் கழுத்தைப் பிடித்துப் பெண்கள் பக்கம் திருப்பினாள். பிறகு இரண்டாவதையும் திருப்பினாள். பந்தல் முழுக்க முந்தானைகள் படபடத்தன. ‘அப்பாடா’ என்று ஒரே குரலில் ஒரு சத்தம் எழுந்தது.

“போன தடவ குடுத்த கம்பளி நல்லாருக்கு சார். இட்லிக் குண்டான் எறக்குறதுக்கு கரித்துணியா வச்சிருக்கேன்,” என்றாள் மைக்கில். “எங்களுக்குப் பொறுமை வேணாம். அது எங்ககிட்ட நெறையா கெடக்கு. மருந்து குடுங்க. நாங்க சொல்றத எங்ககிட்டயே கேளுங்க. உங்கம்மாவையும் யாராச்சும் கேட்டிருக்கணும் சார். அந்தப் போர்ட எடுத்துடுங்க.”

சிங்காரவேலுவின் கழுத்தில் அதற்குள் மூன்று பொன்னாடைகள் ஏறியிருந்தன. கோட்டு வேறு. ஃபேன் திரும்பியதும் தகரத்தின் சூடு மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. முகம் சிவந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. கோட்டுப் பொத்தானைத் தடவியபடி எழுந்து, “அம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம்… எனக்கு ஒரே புழுக்கமா, என்னமோ மாதிரி…” என்று ஆரம்பித்தார்.

அமிர்தவல்லி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். 

“குறுக்கப் பேசாதீங்க சார், முறை ரத்தாயிடும்,” என்றாள். “உங்க கூட யாரு வந்திருக்கா?”